வெள்ளை மீனில் என்ன இருக்கிறது? காட் மீனின் ஊட்டச்சத்தும் தேர்வு விடையும்

மீன் உண்பதால் வரும் நன்மை என்ன என்று வகுப்பில் கேட்டால் பாதிக் கைகளாவது உயரும். எழுதச் சொன்னால் பெரும்பாலும் ஒரே விடைதான்: “மீனில் ஒமேகா-3 அதிகம், அது மூளைக்கு நல்லது.” கேள்வியில் வந்த மீன் சால்மனாக இருந்தால் இந்த விடை பொருந்தும். காட் மீனாக இருந்தால் பொருந்தாது. அங்கேதான் நம் மாணவர்கள் புள்ளியைக் கோட்டை விடுகிறார்கள்.

இது தேர்வோடு முடிகிற விஷயமும் இல்லை. “பிள்ளைக்கு மூளை வளரணும், அதான் காட் வாங்கினேன்” என்று சொல்லும் அம்மாக்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு சின்னத் துண்டுக்கு அவர்கள் கொடுக்கும் காசு கொஞ்சநஞ்சமல்ல. அந்தத் துண்டில் உண்மையில் என்னதான் இருக்கிறது? பார்ப்போம்.

தசை ஏன் வெள்ளையாக இருக்கிறது?

காட் வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த கடலில் வாழும் மீன். நார்வே, ஐஸ்லாந்து, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து ஆகிய கரைகளில் பல நூறு ஆண்டுகளாகப் பிடிக்கப்பட்டு வருகிறது. இது கடலடியை ஒட்டி மெதுவாகத் திரியும். இரையைக் கண்டால் மட்டும் சட்டென்று பாயும். இப்படிச் சிறிது நேரப் பாய்ச்சலுக்குப் பயன்படும் தசையில் மயோகுளோபின் என்னும் சிவப்பு நிறப் புரதம் குறைவு. அதனால்தான் சதை வெள்ளையாக இருக்கிறது. ஓயாமல் நீந்திக்கொண்டே இருக்கும் சூரை மீனின் தசைக்குத் தொடர்ந்து ஆக்சிஜன் தேவை. அதனால் அதில் மயோகுளோபின் அதிகம், நிறமும் சிவப்பு.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சால்மன், கெம்போங் போன்ற மீன்கள் கொழுப்பைத் தசையிலேயே சேர்த்து வைக்கின்றன. காட் தன் கொழுப்பைக் கல்லீரலில் சேர்க்கிறது. நாம் உண்பது தசையைத்தான். ஆகவே நம் தட்டுக்கு வரும் காட் கொழுப்பு குறைந்த மீன்.

100 கிராம் பச்சைக் காட் மீனில்

- ஆற்றல்: 82 கிலோகலோரி
- நீர்: ஏறக்குறைய 81 கிராம்
- புரதம்: ஏறக்குறைய 18 கிராம்
- கொழுப்பு: 1 கிராமுக்கும் குறைவு (0.7 கிராம்)
- கார்போஹைட்ரேட்: இல்லை
- பொட்டாசியம்: ஏறக்குறைய 410 மில்லிகிராம்
- பாஸ்பரஸ்: ஏறக்குறைய 200 மில்லிகிராம்
- செலினியம்: ஏறக்குறைய 33 மைக்ரோகிராம்
- வைட்டமின் பி12: ஏறக்குறைய 0.9 மைக்ரோகிராம்

கடல் மீன் என்பதால் அயோடினும் நன்றாகவே உண்டு. தைராய்டு சுரப்பி வேலை செய்ய அயோடின் வேண்டும். ஆனால் கால்சியமும் இரும்பும் இதில் மிகக் குறைவு. “மீனில் கால்சியம் உள்ளது” என்று பொதுவாக எழுதிவிடக் கூடாது. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் கால்சியம் அதிகம். முள் நீக்கிய காட் துண்டில் அப்படி இல்லை.

மேலே உள்ள எண்களை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 1 கிராம் புரதம் 4 கிலோகலோரி, 1 கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும். 18 × 4 = 72; 0.7 × 9 = 6.3, மொத்தம் 78. அட்டவணையில் 82 என்று இருக்கிறதே, கணக்குத் தப்பா? இல்லை. உணவு அட்டவணை தயாரிப்போர் மீன் புரதத்திற்கு 4.27 என்ற சற்றுக் கூடுதலான எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். வகுப்பில் 4 போதும். விடை அருகில் வந்தால் சரி.

சால்மனோடு ஒப்பிட்டால்

100 கிராம் வளர்ப்புச் சால்மனில் 208 கிலோகலோரி, 20 கிராம் புரதம், 13 கிராம் கொழுப்பு. இரண்டிலும் புரதம் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் 100 கிலோகலோரிக்கு எவ்வளவு புரதம் என்று கணக்கிட்டால் காட் 22 கிராம் தருகிறது. சால்மன் 10 கிராம்தான். உடல் எடையைக் கவனிப்பவருக்குக் காட் ஏன் ஏற்றது என்பதற்கு இதுதான் காரணம்.

ஒமேகா-3 என்று வரும்போது நிலைமை தலைகீழ். ஈபிஏ, டிஎச்ஏ என்னும் இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் சேர்ந்து சால்மனில் ஏறக்குறைய 2 கிராம். காடில் 0.2 கிராமுக்கும் சற்றுக் குறைவு. பத்தில் ஒரு பங்கு! காரணம் எளிது: ஒமேகா-3 ஒரு கொழுப்பு. கொழுப்பே இல்லாத தசையில் அது மட்டும் எங்கிருந்து வரும்? ஒமேகா-3க்காகவே மீன் வாங்குவதாக இருந்தால், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கெம்போங் காட் மீனைவிட நல்ல தேர்வு.

கல்லீரல் சொன்ன கதை

காடின் கொழுப்பு கல்லீரலில் என்று பார்த்தோம். அங்கிருந்து எடுப்பதுதான் காட் மீன் எண்ணெய். இதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் நிறைய உண்டு. எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய்க்கு இது நெடுங்காலமாக மருந்து. 1922-இல் அமெரிக்க அறிவியலாளர் மெக்காலமும் உடன் ஆய்வாளர்களும் இந்த எண்ணெயைச் சூடாக்கி, காற்றைச் செலுத்தி, அதிலிருந்த வைட்டமின் ஏ-யை அழித்தார்கள். அதன் பிறகும் எண்ணெய் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியது. அப்படியானால் குணப்படுத்தியது வைட்டமின் ஏ அல்ல, வேறொன்று! அதற்குத்தான் வைட்டமின் டி என்று பெயர் வந்தது. அறிவியல் செயற்பாங்குத் திறனைக் கற்பிக்க ஆசிரியர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஒன்றை நீக்கிவிட்டு விளைவு மாறுகிறதா என்று பார்ப்பதுதான் இங்கே உத்தி.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

நம் ஊரில் “காட்” என்ற பெயரில் விற்கப்படும் தடித்த வெள்ளைத் துண்டு பல நேரங்களில் அட்லாண்டிக் காட் அல்ல. அது பாட்டகோனிய டூத்ஃபிஷ் அல்லது “கறுப்புக் காட்” எனப்படும் சேபிள் மீனாக இருக்கலாம். இரண்டுமே கொழுப்பு மிகுந்தவை. 100 கிராம் சேபிள் மீனில் 195 கிலோகலோரி, 15 கிராம் கொழுப்பு, 13 கிராம் புரதம். வாயில் வைத்தால் வெண்ணெய்போல் கரைவது அந்தக் கொழுப்பினால்தான். அதில் ஒமேகா-3யும் உண்டு. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது நேர்மாறு!

குழந்தைக்குக் கொடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாதரச அளவைப் பார்த்து ஒரு பட்டியல் தந்திருக்கிறது. அதில் அட்லாண்டிக் காட் முதல் வரிசையில் இருக்கிறது. டூத்ஃபிஷும் சேபிளும் வாரம் ஒரு வேளை போதும் என்னும் இரண்டாம் வரிசையில் இருக்கின்றன. “காட்தானே” என்று தினமும் கஞ்சியில் போடுமுன் பெட்டியில் உள்ள மீனின் முழுப் பெயரைப் படித்துப் பாருங்கள்.

சமையலில் மாறும் சத்து

கொழுப்பு குறைந்த மீன் சீக்கிரம் வறண்டுவிடும். இஞ்சி போட்டு ஆவியில் வேகவைப்பது நல்லது. சதை இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது என்று பொருள். மாவில் தோய்த்துப் பொரித்தால் மாவு எண்ணெயைக் குடிக்கும். கொழுப்பு குறைந்த மீன் என்ற சிறப்பு போய்விடும். உப்பிட்டு உலர்த்திய காட் 100 கிராமில் புரதம் 63 கிராம். சோடியமோ 7,000 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதனால்தான் அதை நீண்ட நேரம் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கிய பிறகே சமைப்பார்கள்.

பயிற்சி

கேள்வி: உடல் எடையைக் குறைக்க விரும்பும் ஒருவருக்குக் காட், சால்மன் ஆகிய இரண்டில் எது பொருத்தம்? காரணம் தருக.

வலுவற்ற விடை: காட் மீன். அது உடலுக்கு நல்லது, சத்து நிறைந்தது.

நல்ல விடை: காட் மீன். 100 கிராம் காட் 82 கிலோகலோரி ஆற்றலே தருகிறது. சால்மன் 208 கிலோகலோரி தருகிறது. காடில் கொழுப்பு 1 கிராமுக்கும் குறைவு. ஆனால் உடல் வளர்ச்சிக்கும் திசுக்களைப் புதுப்பிக்கவும் தேவையான புரதம் இரண்டிலும் ஏறக்குறைய சம அளவில் உள்ளது.

முதல் விடையை எந்த உணவுக்கும் எழுதலாம். மீன் பெயரை எடுத்துவிட்டு வாழைப்பழம் என்று போட்டாலும் பொருந்தும். இரண்டாவது விடை காட் மீனுக்கு மட்டுமே பொருந்தும். மாணவர்களே, விடையை எழுதி முடித்ததும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள்.