சம்பாவில் குலைநோய்: யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன்

கிள்ளை, பிச்சாவரம், பரங்கிப்பேட்டைப் பக்கம் சம்பா போட்டிருக்கிறீர்களா? மார்கழி பிறந்ததும் வரப்பில் நின்று பார்க்காமல் வயலுக்குள் இறங்கி இலையைப் பாருங்கள். இலை காய்ந்தால் பலருக்கும் முதலில் கை போவது யூரியா மூட்டைக்குத்தான். வந்திருப்பது குலைநோயாக இருந்தால், நீங்கள் போடும் யூரியா பயிரைவிட நோயைத்தான் வளர்க்கும்.

குலைநோய் என்பது என்ன? ஒரு பூஞ்சாணம் (காளான் இனத்தைச் சேர்ந்த மிக நுண்ணிய உயிர்) நெல்லின் இலை, கணு, கதிர்க் கழுத்து ஆகியவற்றில் புகுந்து உண்டாக்கும் நோய். இது நமக்குப் புதிதில்லை. 1919-இலேயே தஞ்சை டெல்டாவில் கொள்ளைநோய்போலப் பரவிப் பெரும் சேதம் செய்திருக்கிறது.

மார்கழியில் ஏன் கூடுகிறது? பனிதான் காரணம். பூஞ்சாணத்தின் வித்துகள் (அது பரவுவதற்கு உதவும் நுண்துகள்கள்) இரவில் காற்றோடு வந்து இலையில் ஒட்டும். இலை ஏறக்குறைய பத்து மணி நேரம் நனைந்தே இருந்தால் வித்து முளைத்துவிடும். முளைத்ததும் இலையின் தோலை அழுத்தித் துளைக்கிறது. அந்த அழுத்தம் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 40 மடங்கு. ஒரு வாரத்துக்குள் புள்ளி தெரியும். பிறகு ஒவ்வொரு புள்ளியும் இரவுதோறும் ஆயிரக்கணக்கில் புது வித்துகளை விடும். நேற்று நாலு குத்தில் பார்த்த புள்ளி அடுத்த வாரம் வயல் முழுக்கத் தெரிவது இதனால்தான்.

இது குலைநோய்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் ஊரில் குழப்பம் அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். குலைநோய்ப் புள்ளி கண் வடிவில் இருக்கும்: இரண்டு முனையும் கூர்மை, நடுவில் சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு. பல புள்ளிகள் சேர்ந்து இலையே கருகிப் போகும். எள்ளுப்போல வட்டமான பழுப்புப் புள்ளிகள் என்றால் அது செம்புள்ளி நோய். இலை ஓரம் நுனியிலிருந்து அலை அலையாக மஞ்சளாகிக் காய்ந்தால் பாக்டீரியா இலைக்கருகல். புள்ளியே இல்லாமல், வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாகி நுனி மட்டும் வெளுத்துக் காய்கிறதா? கடலோர வயல்களில் அது பெரும்பாலும் உப்பின் வேலை.

பெயரில் என்ன இருக்கிறது, எதற்கும் ஒரு மருந்தை அடித்துவிடலாமே என்று நினைக்கலாம். அங்கேதான் பணம் போகிறது. செம்புள்ளி சத்துக் குறைந்த மண்ணில் அதிகம் வரும், அங்கே சத்து கொடுக்க வேண்டும். குலைநோயில் யூரியா தரும் தழைச்சத்தை நிறுத்த வேண்டும். உப்புக்கு எந்தப் பூஞ்சாண மருந்தும் பலன் தராது, நல்ல தண்ணீர் விட்டு வடிக்க வேண்டும்.

குலைநோய்தான் என்று உறுதியானால்? அடுத்த மேலுரத்தில் யூரியாவை நிறுத்தி வையுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலை மெத்தென்று ஆகும், பயிர் அடர்ந்து பனி காயாமல் நிற்கும். வயல் காயாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வற்றிய வயலில் இந்த நோய் கடுமையாகும், கடைமடைக்காரர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். புள்ளி பரவிக்கொண்டே போனால் டிரைசைக்ளசோல் 75 சதத் தூளை லிட்டருக்கு 0.6 கிராம் வீதம், ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலந்து அடிக்கலாம். அறுவடைக்கு முந்தைய 30 நாளில் அடிக்காதீர்கள், மருந்து அரிசியில் தங்கும்.

இலையில்தானே வந்திருக்கிறது, விட்டுவிடலாமா? கூடாது. கதிர் வரும்போது இதே பூஞ்சாணம் கதிரின் கழுத்தைப் பிடிக்கும். கழுத்து கருத்துச் சுருங்கும், கதிர் பால் பிடிக்காமல் பதராகும், அல்லது ஒடிந்து தொங்கும். இலையில் வந்ததைத் தாங்கிக்கொள்ளும் பயிர் இதைத் தாங்காது. தண்டுத் துளைப்பான் பூச்சியாலும் இப்படிப் பதரான வெண்கதிர் வரும். சந்தேகமானால் கதிரை இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் பூச்சி. வராமல் கழுத்து கருத்திருந்தால் குலைநோய்.

விருத்தாசலம், வேப்பூர்ப் பக்கத்து மக்காச்சோளத்தில் வரும் இலைக்கருகல் நெல்லுக்குத் தொற்றுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். தொற்றாது, அது வேறு பூஞ்சாணம். பனியும் ஈரமும் அதற்கும் பிடிக்கும், அவ்வளவுதான் ஒற்றுமை.

அடுத்த ஆண்டுக்கு என்ன செய்யலாம்? பலரும் விரும்பிப் போடும் பிபிடி 5204 (ஆந்திரா பொன்னி) குலைநோய்க்கு எளிதில் ஆளாகும் ரகம். அதைத்தான் போடுவேன் என்றால், விதை கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோய்க் கிருமியை அடக்கும் நல்ல பாக்டீரியா) கலந்து விதையுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் நான்காகப் பிரித்துப் போடுங்கள். இலை வண்ண அட்டையை இலையோடு ஒப்பிட்டுப் பார்த்துப் போட்டால் இன்னும் நல்லது.

சந்தேகம் தீரவில்லையா? புள்ளி விழுந்த நாலைந்து இலைகளைக் காகிதத்தில் சுற்றி அன்றைக்கே வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குக் கொண்டுபோங்கள். நேரில் போக முடியாவிட்டால் 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். யூரியா இரண்டு நாள் காத்திருக்கட்டும்.