கரையோர ரயிலடிகள் – 9: தனுஷ்கோடியைக் கைவிட்டது யார்?

தனுஷ்கோடி ரயிலடியின் கதையைப் பெரும்பாலோர் 1964 டிசம்பர் 22 இரவில் தொடங்கி மறுநாள் விடியலில் முடித்துவிடுகிறார்கள். பாம்பனிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்பிய பாசஞ்சர் வண்டியைப் புயலில் எழுந்த கடல் அலை விழுங்கியது, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், ஊரே அழிந்தது. அத்தனையும் உண்மை. ஆனால் அந்த நிலையம் மறுபடி எழாததற்கு இது மட்டும் காரணமாகாது. இடித்தது புயல். திரும்பக் கட்ட வேண்டாம் என்றது மனிதர் எடுத்த முடிவு.

அந்த முடிவு புரிய, நிலையம் எதற்காக வந்தது என்று பார்க்க வேண்டும். 1914-க்கு முன் கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். ஓர் இரவு முழுக்கக் கடலில் கழியும். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் அந்தக் கடல்வழி, தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார்வரை, சுமார் 35 கிலோமீட்டராகச் சுருங்கியது. பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரத்துக்கு, மற்றொன்று தனுஷ்கோடிக்கு. கப்பலுக்குப் பயணிகளைக் கொண்டுபோன போட் மெயில் ரயில் பிடித்தது தனுஷ்கோடிப் பாதையை. இந்தியாவின் பெருங்கோயில்களுள் ஒன்று இருந்த ஊர் கிளைப்பாதையில் நிற்க, மணல் திட்டின் நுனிக்கு மெயில் ஓடியது. தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு வேண்டியிருந்தது கப்பல்துறை. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளரும், வணிகரும், தபாலும் அந்தப் பிளாட்பாரத்தில் இறங்கித்தான் கப்பலேறினார்கள். சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை எல்லாம் இந்தப் போக்குவரத்தை நம்பியே நடந்தன.

புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது. அதைச் சீராக்க ஆறு மாதம் என்று கணக்கிட்டு, பிறகு மூன்றாகக் குறைத்தார்கள்; பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் வேலை முடிந்தது. கடலுக்குள் நின்ற பாலத்தை ஒன்றரை மாதத்தில் மீட்ட ரயில்வேக்கு, தரைமேல் தண்டவாளம் போடத் தெரியாமல் போகவில்லை. பணமும் ஆளும் ராமேஸ்வரத்துக்கு வழி திறக்கும் வரைதான் செலவாயின.

இருபுறமும் கடல் சூழ்ந்த தாழ்ந்த மணல் திட்டு அது, வாழத் தகுதியற்றது என்று அரசே அறிவித்த இடத்தில் எப்படி நிலையம் கட்டுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், உயிர்ப்பலிக்குப் பின் அந்த அச்சம் இயல்பானது. ஆனால் பாதுகாப்பு ஒன்றே காரணமாக இருந்திருந்தால், கப்பல் போக்குவரத்து அப்படியே தனுஷ்கோடிக்குக் காத்திருந்திருக்க வேண்டும். அது காத்திருக்கவில்லை. புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 30 அன்று, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதன்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் மலையகத் தமிழரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்க வேண்டும். அவர்களில் பெருந்தொகையினர் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். 1980-களில் இலங்கை உள்நாட்டுப் போர் அதை நிறுத்தும்வரை அந்தக் கப்பல் ஓடியது. ஆகவே பயணிகள் குறையவில்லை, துறைதான் மாறியது. துறை மாறியபின் தனுஷ்கோடியில் ரயிலுக்கு வேலை இல்லை.

2019-இல் ராமேஸ்வரம்–தனுஷ்கோடிப் பாதைக்கு மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. கப்பலில்லாத அந்த ரயில் சுற்றுலாவுக்குப் பயன்படலாம். பழைய நிலையத்தின் மறுபிறப்பாக அதைச் சொல்வது சரியல்ல என்பது என் எண்ணம். மறுபடி இந்தப் பேச்சு எழும்போது, வாழத் தகுதியற்றது என்ற அறிவிப்புக்குப் பிறகும் அந்த மணலில் குடிசை போட்டு வலை வீசும் மீனவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். ரயில்வே கைவிட்ட பிறகும் அங்கே ஊர் என்று ஒன்று இருப்பது அவர்களால்தான்.