மதிப்பெண்ணுக்கு ஊக்கத்தொகை: ஆசிரியர் கைக்குப் போகும் பணம் வகுப்பறையில் என்ன செய்கிறது?

கழகத்தின் கல்விக் கருத்தரங்கு முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, காப்புறுதி முகவருக்கு விற்றதற்கேற்பக் கமிஷன் கொடுக்கிறோம். ஆசிரியருக்கும் மாணவர் தேர்ச்சிக்கேற்பக் கொடுத்துவிட்டால் நம் தமிழ்ப்பள்ளிகள் தானாக முன்னேறிவிடாதா?" ஒரு கையில் வடையும் மறு கையில் தேநீருமாக நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் அல்ல அது. மலரில் எழுதுகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். நானும் இதே துறையில் படித்தவள். என் அம்மா முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பித்தவர். ஆகவே இந்தக் கேள்வி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பலமுறை சண்டையாகவே முடிந்திருக்கிறது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். உலகில் பெரும்பாலான நாடுகளில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் இரண்டே விஷயங்களைப் பொறுத்தது: அவருடைய கல்வித் தகுதி, அவர் பணியாற்றிய ஆண்டுகள். பக்கத்துப் பக்கத்து வகுப்பில் ஒருவர் உயிரைக் கொடுத்துக் கற்பிக்கலாம். இன்னொருவர் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கலாம். மாத இறுதியில் இருவர் கணக்கிலும் ஒரே தொகைதான் விழும். உழைப்பை மேலிடம் நேரில் பார்க்க முடியாது. விளைவை மட்டுமே பார்க்க முடியும். எனவே விளைவுக்குப் பணம் கொடு என்பதுதான் ஊக்கத்தொகைத் திட்டங்களின் முழுத் தத்துவமும்.

இது புதிய யோசனை அல்ல. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிமுறைப்படி, அரசு மானியம் பெறும் தொடக்கப்பள்ளிகளில் ஆய்வாளர் ஒவ்வொரு குழந்தையையும் சோதித்தார். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒரு குழந்தைக்குத் தேர்வின் வழியாகக் கிடைக்கக்கூடிய மானியம் 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் ஒன்றில் தோற்றால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. மூன்றிலும் தோற்றால் ஒன்றுமில்லை. பள்ளிகள் இந்த மூன்றைத் தவிர மற்றவற்றைக் குறைத்துக்கொண்டன. குழந்தைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்தார்கள். பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இதைக் கடுமையாக எதிர்த்தார். இருந்தும் அந்த முறை 1890கள் வரை நீடித்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டால், நான் என் சொந்த வகுப்பறையைத்தான் காட்டுவேன். 1998இல் நான் யூ.பி.எஸ்.ஆர். எழுதினேன். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் ஆறாம் ஆண்டு வகுப்பு மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டது. 7 'ஏ' எடுக்கக்கூடியவர்கள் முதல் குழு. கொஞ்சம் தள்ளினால் 'டி'யிலிருந்து 'சி'க்கு ஏறக்கூடியவர்கள் இரண்டாம் குழு. மூன்றாம் குழுவுக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை; அவர்கள் கடைசி வரிசையில் கரும்பலகையில் இருப்பதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மாலை வகுப்பு முதல் இரண்டு குழுக்களுக்கு மட்டும். ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரு காசு ஊக்கத்தொகைகூடக் கிடையாது. தேர்ச்சி விழுக்காடு என்ற ஒரே ஓர் எண்ணைக் கொண்டு பள்ளியை ஒப்பிட்டார்கள். அந்த எண்ணே இவ்வளவையும் செய்துவிட்டது. 15 மதிப்பெண் எடுக்கும் பையனை 30க்குக் கொண்டுவருவது பெரிய சாதனை. ஆனால் தேர்ச்சிக் கணக்கில் அது பூஜ்யம். அவன் முன்பும் தோல்வி, பின்பும் தோல்வி. அந்த எண்ணோடு பணத்தையும் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டால் நான் தொகை எவ்வளவு என்று முதலில் கேட்பதில்லை. எதை அளக்கிறார்கள் என்றுதான் கேட்பேன். இந்த வகையில் நன்றாகச் சிந்தித்து வடிவமைக்கப்பட்ட திட்டம் என்று நான் கருதுவது, 2005இல் ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப்புற அரசுத் தொடக்கப்பள்ளிகளில் தொடங்கிய சோதனை. அதை ஆய்வு செய்து எழுதியவர்கள் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற பொருளியல் அறிஞர்கள். குலுக்கல் முறையில் 100 பள்ளிகளில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனித்தனியாக ஊக்கத்தொகை. இன்னொரு 100 பள்ளிகளில் பள்ளி முழுவதற்கும் சேர்த்து. மேலும் 100 பள்ளிகளில் எதுவும் இல்லை, ஒப்பீட்டுக்கு மட்டும்.

கணக்கு எளிது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு. இரண்டையும் நடத்துவது வெளியாட்கள். மாணவர்களின் சராசரி முன்னேற்றத்தில் முதல் 5 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு ஒன்றுமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் 500 ரூபாய். வகுப்புச் சராசரி 30லிருந்து 45க்கு உயர்ந்தால் முன்னேற்றம் 15. ஐந்தைக் கழித்தால் 10. ஆசிரியருக்கு 5,000 ரூபாய். சராசரி ஊக்கத்தொகை ஆண்டுச் சம்பளத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். இங்கே தேர்ச்சிக் கோடு என்று ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள். 15லிருந்து 30க்கு வரும் கடைசி வரிசைப் பையன், 75லிருந்து 90க்குப் போகும் முதல் வரிசைப் பெண் அளவுக்கே ஆசிரியருக்கு மதிப்புள்ளவன். உண்மையில் அவனிடம் ஏற இடம் அதிகம். இன்னொரு விதியும் இருந்தது: முதல் தேர்வை எழுதிவிட்டு இறுதித் தேர்வுக்கு வராத குழந்தையின் முன்னேற்றம் பூஜ்யம் என்று கணக்கிடப்படும். மந்தமான பிள்ளையை 'நாளைக்கு வராதே' என்று சொல்வதில் ஆசிரியருக்கு லாபம் இல்லை.

இரண்டு ஆண்டுகளில் ஊக்கத்தொகைப் பள்ளிகள் ஒப்பீட்டுப் பள்ளிகளைக் கணக்கில் 0.27, மொழிப்பாடத்தில் 0.17 திட்ட விலக்கம் அளவுக்கு முந்தின. புள்ளியியல் படிக்காதவர்களுக்காக: நூறு பேர் வரிசையில் நடுவில் நின்ற குழந்தை, கணக்கில் சுமார் பத்துப் பேரைத் தாண்டி முன்னே போவதற்குச் சமம். ஊக்கத்தொகையே இல்லாத அறிவியலிலும் சமூகக் கல்வியிலும்கூட அந்தக் குழந்தைகள் மேலாகச் செய்தார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எல்லாப் பாடமும் எளிதாகிறது என்று அம்மா சொல்வதை நான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏறத்தாழ அதே செலவில் கூடுதல் ஒப்பந்த ஆசிரியரோ பள்ளி மானியமோ பெற்ற வேறு பள்ளிகளைவிடவும் இவை முன்னேறின. வியப்பு என்னவென்றால், ஆசிரியர்கள் விடுப்பெடுப்பது குறையவில்லை. வந்த நாட்களில் கூடுதல் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள், பள்ளி நேரத்துக்குப் பிறகும் கற்பித்தார்கள், பயிற்சித் தேர்வு வைத்தார்கள், பின்தங்கிய பிள்ளைகளைக் கவனித்தார்கள்.

'பார்த்தீர்களா, பணம் வேலை செய்கிறது' என்று அந்தத் தம்பி குதிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2006 முதல் 2009 வரை, ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கணிதம் கற்பித்த சுமார் 300 ஆசிரியர்கள் முன்வந்து இதே போன்ற சோதனையில் சேர்ந்தார்கள். குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு, மாணவர் முன்னேற்றத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000, 10,000 அல்லது 15,000 டாலர் வரை வாய்ப்பு. ஆந்திரத்து ஆசிரியர் கனவிலும் காணாத தொகை. 2010இல் முடிவு வெளியானது: மொத்தத்தில் மாணவர் மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. நியூயார்க்கில் 2007 முதல் மூன்று ஆண்டுகள் சுமார் 200 பள்ளிகளில், இலக்கை எட்டினால் ஆசிரியர் ஒருவருக்கு 3,000 டாலர் என்ற கணக்கில் பள்ளிக்கே பணம் கொடுத்தார்கள். அதை எப்படிப் பிரிப்பது என்பதைப் பள்ளிக் குழு முடிவு செய்யலாம். பெரும்பாலான பள்ளிகள் ஏறத்தாழச் சமமாகப் பிரித்துக்கொண்டன. அங்கும் பலன் தெரியவில்லை; திட்டம் 2011இல் கைவிடப்பட்டது.

அதே பணம் ஓரிடத்தில் பலிக்கிறது, இன்னோரிடத்தில் பலிக்கவில்லை. நான் புரிந்துகொண்டது இதுதான். இந்திய அரசுத் தொடக்கப்பள்ளிகளில் அந்தக் காலக் கணக்கெடுப்பின்படி எந்த நாளிலும் நான்கில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை. செய்யத் தெரிந்தும் செய்யாமல் விட்ட வேலை அங்கே நிறைய இருந்தது. பணம் அதை வெளியே கொண்டுவந்தது. நாஷ்வில் ஆசிரியர்களில் பெரும்பாலோர் தாங்கள் ஏற்கனவே முடிந்த அளவு உழைப்பதாகவும், ஊக்கத்தொகைக்காகக் கற்பிக்கும் முறையை மாற்றவில்லை என்றும் சொன்னார்கள். இதைவிட எப்படிக் கற்பிப்பது என்று தெரியாதவரிடம் பணத்தைக் காட்டினால், அவர் அதே முறையைக் கொஞ்சம் கவலையோடு செய்வார், அவ்வளவுதான். கென்யாவில் 1998இலும் 1999இலும் பரிசு கொடுத்துப் பார்த்த சோதனை வேறொன்றைக் காட்டியது. பரிசுக்கான தேர்வில் மதிப்பெண் ஏறியது, பரிசு நின்றபின் அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. கூடியது தேர்வுப் பயிற்சி வகுப்பு மட்டுமே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. அரசு ஊழியர்க்கான சிறந்த சேவை விருது, அதாவது எல்லோரும் 'ஏ.பி.சி.' என்று அழைப்பது, ஆசிரியர்களுக்கும் உண்டு. அம்மா வேலை செய்த ஒரு பள்ளியில் அது எப்படி நடந்தது தெரியுமா? ஆசிரியர் அறையில் முறை போட்டுக்கொண்டார்கள். "போன வருஷம் சரஸ்வதி டீச்சர், இந்த வருஷம் நீங்க." அம்மாவுக்கு அதில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் பன்னிரண்டு பேரில் ஒருவரை மட்டும் சிறந்தவர் என்று சொல்வதைவிட முறை வைப்பது நல்லது என்பார். நியூயார்க் பள்ளிகள் சமமாகப் பிரித்துக்கொண்டதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஆசிரியர் அறைதான் நினைவுக்கு வந்தது.

2010இல் கல்வியமைச்சு தலைமையாசிரியர்களுக்கென்று 'புதிய வாய்ப்பு' என்ற பொருளில் 'தவாரான் பாரு' திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி உயர் நிலையில் இருந்தாலோ பெரும் பாய்ச்சல் காட்டினாலோ தலைமையாசிரியருக்கு 7,500 ரிங்கிட். அப்பள்ளியின் முதல் 5 விழுக்காட்டு ஆசிரியர்களுக்கு 1,800 ரிங்கிட். மற்றவர்களுக்கு 900 ரிங்கிட். பாய்ச்சலையும் கணக்கில் எடுத்துக்கொண்டது நல்ல விஷயம் என்பேன். ஆனால் தொடக்கப்பள்ளியின் நிலையைத் தீர்மானித்ததில் யூ.பி.எஸ்.ஆருக்குப் பெரும்பங்கு. அங்கேதான் அம்மாவின் நிரந்தரக் கேள்வி எழுகிறது: ஆறாம் ஆண்டில் பிள்ளை கணக்கில் 'ஏ' எடுத்தால் அது யாருடைய 'ஏ'? முதலாம் ஆண்டில் விரல் விட்டு எண்ணக் கற்றுக்கொடுத்தவருடையதா, கடைசியில் பயிற்சித்தாள் கொடுத்தவருடையதா? இதற்குப் பொருளாதாரத்தில் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்தால் ஓரளவு பிரிக்கலாம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு தேர்வா என்று கேட்பார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

நம் தமிழ்ப்பள்ளிகளில் இன்னொரு சிக்கல் எண்ணிக்கை. இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்தால் சராசரி ஆடிவிடும். தோட்டம் விற்கப்பட்டு நான்கு குடும்பங்கள் ஊர் மாறினால் அந்த ஆண்டுக் கணக்கே வேறு. சிறிய வகுப்பில் ஆசிரியரின் திறமையையும் அதிர்ஷ்டத்தையும் ஓர் ஆண்டு மதிப்பெண்ணால் பிரிக்க முடியாது. மேலும் 2021இல் யூ.பி.எஸ்.ஆர். ரத்து செய்யப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் மாணவரின் அடைவுநிலையை ஒன்றிலிருந்து ஆறுவரை குறிப்பது அந்த ஆசிரியரேதான். தானே எழுதும் எண்ணுக்குத் தானே பணம் பெறுவது எந்தத் தொழிலிலும் சரிவராது. ஆந்திரத்தில் வெளியாட்களைக் கொண்டு தேர்வு நடத்தியது இதற்காகத்தான்.

எனவே தம்பிக்கு என் பதில்: தமிழ்ப்பள்ளிகளுக்கென்று ஒரு தொகை என் கையில் கிடைத்தால், அதில் முதல் பங்கை ஊக்கத்தொகைக்கு ஒதுக்கமாட்டேன். மூன்றாம் ஆண்டிலும் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியருக்கு நேரில் காட்டித்தர ஆள் வைப்பேன். செய்யத் தெரிந்தும் செய்யாதவர்கள் இருக்கும் இடத்தில், முன்னேற்றத்தை அளக்கும் ஊக்கத்தொகையை எதிர்க்கமாட்டேன். தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பணம் என்றால் மறுத்துவிடுவேன்.

இந்தக் கட்டுரையை எழுதும்போது ஆந்திரத் திட்டத்தை அம்மாவிடம் விளக்கினேன். சூத்திரத்தையெல்லாம் அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தேர்வுக்கு வராத பிள்ளைக்குப் பூஜ்யம் என்ற இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார். 1998இல் எங்கள் கடைசி வரிசையில் இருந்த ஒருவன் யூ.பி.எஸ்.ஆர். முதல் நாளன்று வரவில்லை. அவன் வீடு பள்ளி வேலிக்கு அடுத்த லயத்தில் இருந்தது. யாரும் போய்க் கேட்கவில்லை.

"இந்த விதி இருந்திருந்தா, யாராவது போய்க் கூட்டிட்டு வந்திருப்பாங்க" என்றார் அம்மா.