பிறந்த மண் போதாதா?

வேப்பம்பட்டில் பிறக்கும் குழந்தையின் குடியுரிமை பற்றி யாரும் பேசுவதில்லை. அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறக்கும் குழந்தையிடம், பெற்றோர் எந்த நாட்டவர் என்று சட்டம் கேட்கிறது. இந்தக் கேள்வி அதன் குடும்பத்தை மூன்று தலைமுறைகளாகத் துரத்தியிருக்கலாம்.

பிரிட்டனின் 1914ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேரரசின் மண்ணில் பிறந்த எவரும் பிரிட்டிஷ் பிரஜை. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குத்தான் தந்தைவழி உரிமை தேவைப்பட்டது. ஆகவே, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த தமிழ்க் குழந்தையும் லண்டனில் பிறந்த குழந்தையும் சட்டத்தின் முன் ஒன்றே.

ஒரே ஆண்டில் பறிபோனது

1948 பிப்ரவரி 4 அன்று இலங்கை விடுதலை பெற்றது. நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம் பிறப்பைத் தள்ளி வம்சாவளியை முன்வைத்தது. இலங்கையிலேயே பிறந்தவரும், தம் தந்தை அங்கே பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்றோ நிரூபிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அவர்கள் உழைப்பில் செழித்த பிரிட்டன் பொறுப்பேற்கவில்லை.

1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அதற்குள் எண்ணிக்கையில் பெருகியிருந்த இந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தங்கள் செய்யும்போது அந்த மக்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. 1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாகத் தமிழகம் வந்தவர்களில் மலையக வம்சாவளியினரும் உண்டு.

நாள்காட்டி போட்ட கோடு

1955ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும் முதலில் மண்ணையே மதித்தது. பிரிட்டன் 1983இல் அந்த வழியைக் கைவிட்டது. இந்தியா 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றது. 2004 டிசம்பரில் விதி மேலும் இறுகியது. 1986இல் மண்டபம் அகதி முகாமில் பிறந்த பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கும்படி மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022இல் உத்தரவிட்டது. அதே முகாமில் 1988இல் அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை.

இலங்கையே 2003இல் சட்டமியற்றித் தன் மலையக மக்களின் நாடற்ற நிலையை நீக்க முன்வந்தது. இந்தியாவும் அதைச் செய்ய வேண்டும். நம் முகாம்களில் பிறந்து, நம் பள்ளிகளில் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நாடாளுமன்றம் குடியுரிமை வழங்கட்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி வேறுபாடின்றி இதைக் கேட்டுப் பெற வேண்டும்.