ஓசூர் வீட்டு வரி: உங்களுக்காக யார் ஓட்டு போட்டாங்க?



அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு நகராட்சி, மக்களோட கரண்ட் பில், போன் பில் மேல் பொது வரி போடணும்னாலும், முடியப்போற வரியை நீட்டிக்கணும்னாலும் மக்களிடம் நேரடியாக ஓட்டு கேட்கணும். 1996-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய ‘புரொபோசிஷன் 218’ அப்படித்தான் சொல்லுது.

நம்ம ஓசூர்ல? மாநில அரசு அறிவிக்கும், மாமன்றம் தீர்மானம் போடும், பில் வீட்டுக்கு வரும். அவ்வளவுதான்.

2022 ஏப்ரல் சொத்து வரி உயர்வை எடுத்துக்கோங்க. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25%, 601 முதல் 1,200 வரை 50%, 1,201 முதல் 1,800 வரை 75%, அதற்கு மேல் 100% என்று அரசு அறிவித்தது. அரையாண்டுக்கு 2,000 ரூபாய் கட்டின 1,100 சதுர அடி வீட்டுக்கு, இந்தக் கணக்குப்படி 3,000 ரூபாய். வருஷத்துக்கு 2,000 ரூபாய் கூடுதல்.

“நான் வாடகைக்குத்தானே இருக்கேன்?”னு கேட்கலாம். வரி ஓனர் பேர்ல இருந்தாலும், அடுத்த தடவை வாடகை ஏறும்போது அது உங்க தலையிலதான் விழும்.

அடுத்தது தொழில் வரி. தமிழ்நாட்டில் இது உள்ளாட்சிக்குப் போகிறது. ஓசூர் மாநகராட்சி எல்லைக்குள் வேலை பார்த்தால், அரையாண்டுக்கு ஒருமுறை உங்க சம்பளத்தில் பிடிப்பது இந்த ஊருக்கே வரும். ஓசூர்ல குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போறவங்களுக்குப் பிடிக்கிற தொழில் வரி கர்நாடக அரசுக்குப் போயிடும். ஆனா தண்ணி, ரோடு, குப்பை எல்லாம் ஓசூர்லதான். எங்கே வேலை பார்த்தாலும் அரசியலமைப்பின் 276-வது பிரிவுப்படி உச்சவரம்பு வருஷத்துக்கு 2,500 ரூபாய். பழைய வரி முறையில் இருந்தால் இதை சம்பளத்தில் கழிச்சுக்கலாம். புதிய முறையில் முடியாது.

சரி, நாம என்ன பண்ணலாம்?

1. சொந்த வீடு இருந்தா, ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் முதல் 30 நாளுக்குள்ள வரி கட்டுங்க. 5% ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

2. வாடகை அக்ரிமெண்ட்டில் சொத்து வரி, தண்ணீர் கட்டணம் யார் பொறுப்புன்னு எழுதி வாங்குங்க.

3. வாக்காளர் பட்டியலில் உங்க முகவரியைப் பாருங்க. தருமபுரி, சேலம்னு சொந்த ஊர்லயே ஓட்டை வெச்சுக்கிட்டு இங்கே வேலை பார்க்கிறவங்க நிறைய பேர். படிவம் 8 கொடுத்து மாத்திக்கலாம். ஆனா ஊர்ல இருக்கிற ஓட்டு போயிடும். ஒருத்தருக்கு ஓரிடத்தில்தான் ஓட்டு. அதனால யோசிச்சு முடிவெடுங்க.

2019-ல் மாநகராட்சியான ஓசூருக்கு முதல் மாமன்றத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது. மொத்தம் 45 வார்டுகள், ஐந்தாண்டுப் பதவிக்காலம். வரிக்கு நேரடி வாக்கெடுப்பு இல்லாத ஊர்ல, வரித் தீர்மானத்துக்குக் கை தூக்குறது உங்க வார்டு கவுன்சிலர்தான். அவரைத் தேர்ந்தெடுக்கிற பட்டியல்ல உங்க பேர் இருக்கான்னு இன்னைக்கே பார்த்துடுங்க.