துளி விழுவது ஓரிடம், கசிவது வேறிடம்: பழைய காரில் ஆயில் ஒழுகலை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

பழைய காரின் அடியில் ஆயில் சொட்டியிருப்பதைப் பார்த்ததும், துளிக்கு நேர் மேலே எது இருக்கிறதோ அதைத்தான் பலரும் சந்தேகிப்பார்கள். ஓட்டு வீட்டில் மழை ஒழுகும்போது, சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருப்பது அபூர்வம். தண்ணீர் எங்கோ நுழைந்து, சட்டத்தின் வழியே ஓடி, தோதான இடம் பார்த்துச் சொட்டும். எஞ்சின் ஆயிலும் அப்படித்தான். மேலே கசிந்து, எஞ்சினை ஒட்டியே இறங்கி, அடியில் தாழ்ந்த முனை எதுவோ அங்கிருந்து விழும். வண்டி ஓடும்போது எதிர்காற்று அதைப் பின்பக்கமாகவும் தள்ளிக்கொண்டு போகும்.

இதைக் கவனிக்காவிட்டால் செலவு எங்கேயோ போய்விடும். எஞ்சினின் தலைமேல் இருக்கும் டேப்பட் கவரின் பேக்கிங்கை மாற்றுவது பெரும்பாலான பழைய கார்களில் ஒரு மணி நேர வேலை. கிராங்க் தண்டின் கியர் பாக்ஸ் பக்க முனையில் இருக்கும் ரியர் சீலை மாற்ற வேண்டுமென்றால் கியர் பாக்ஸையே இறக்கியாக வேண்டும். ஆனால் இவை இரண்டில் எது கசிந்தாலும் ஆயில் சொட்டுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இணைப்புக்குக் கீழே. மேலே பார்க்காமல் கீழே மட்டும் பார்த்து முடிவெடுத்தால், கியர் பாக்ஸை இறக்கி ஏற்றிக் கூலியும் கொடுத்த பிறகு அதே இடத்தில் மறுபடியும் சொட்டும். அதனால் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடுவதற்கு முன்பு, கசியும் இடம் எது என்பதை நம் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. டார்ச், பனியன் வேஸ்ட், அட்டை, கொஞ்சம் பவுடர், ஒரு ஓய்வு நாள் போதும்.

எப்போது வண்டியை எடுக்கவே கூடாது?

டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். பழைய கார்களில் அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. அது எரியும் நேரத்தில் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேராமல் இருக்கலாம். "பக்கத்து மெக்கானிக் கடை வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம்" என்று போனால் எஞ்சினையே பிரிக்கும்படி ஆகிவிடும்.

அடுத்த ஆபத்து நெருப்பு. சைலன்சர் குழாய் எஞ்சினிலிருந்து புறப்படும் மேனிஃபோல்டு கடுமையாகச் சூடாகும். அதன்மேல் ஆயில் சொட்டினால் கருகல் வாடையும் மெல்லிய புகையும் வரும். இந்தக் கசிவை நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது.

மூன்றாவது, தேடும்போது கவனம். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். ஸ்டாண்டு கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். ஸ்டாண்டு இல்லையென்றால் செல்போனில் வீடியோவைப் போட்டு அடியில் நீட்டிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அது எஞ்சின் ஆயில்தானா?

இரவு வண்டியை நிறுத்தும் இடத்தில் பெரிய அட்டை ஒன்றை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் துளி எங்கே விழுந்திருக்கிறது, எத்தனை, என்ன நிறம் என்பதெல்லாம் அட்டையில் பதிந்திருக்கும்.

ஏ.சி. போட்டு வந்த வண்டியில் சொட்டும் தெளிந்த நீர் வெறும் தண்ணீர்தான். அட்டை காய்ந்ததும் மறைந்துவிடும். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தண்ணீர்போல் ஓடினால் கூலன்ட். நல்ல சிவப்பாக, வழவழப்பாக இருந்தால் பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலோ. சக்கரத்தின் உட்பக்கம் வெளிர் மஞ்சளாக ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

எஞ்சின் ஆயில் புதிதில் தேன் நிறத்திலும், ஓட ஓடப் பழுப்பாகி, கடைசியில் கருப்பாகவும் இருக்கும். இதோடு குழம்புவது கியர் ஆயில். விரலில் தொட்டு முகர்ந்தால் வித்தியாசம் புரியும்: கியர் ஆயிலில் கந்தக நெடி தூக்கலாக இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் டிப் ஸ்டிக்கில் இருக்கும் ஆயிலை அதே அட்டையில் ஒரு சொட்டு வைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒழுகுகிறதா, குடிக்கிறதா?

ஆயில் குறைகிறது என்றாலே ஒழுகுகிறது என்று பொருளில்லை. சில எஞ்சின்கள் ஆயிலை எரித்துவிடும். "வண்டி ஆயில் குடிக்குது" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப் புகை வந்து பிறகு நின்றுவிட்டால் வால்வு சீல்களில் சந்தேகம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கில் சந்தேகம்.

இதைப் பிரித்தறிய ஒரு சிறு கணக்கு எழுதுங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். தேதி, கிலோமீட்டர், ஆயில் நிற்கும் அளவு மூன்றையும் குறியுங்கள். பல கார்களில் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையே சுமார் 1 லிட்டர். சிறிய எஞ்சின்களில் அதைவிடக் குறைவு. அளவு வேகமாக இறங்கியும் அட்டையில் துளி இல்லையென்றால், தேட வேண்டியது புகையை. அட்டை நனைந்திருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

கழுவாமல் தேடாதீர்கள்

பத்து, பதினைந்து வருடம் ஓடிய எஞ்சினில் பழைய ஆயிலும் தூசியும் சேர்ந்து கருப்புச் சகதியாக ஒட்டியிருக்கும். அதன்மேல் டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லா இடமும் கசிவதுபோலத்தான் தெரியும். எனவே முதல் வேலை சுத்தம் செய்வது.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ, ஏர் ஃபில்டர் வாய் ஆகியவற்றை பாலித்தீன் பையால் கட்டிவிடுங்கள். டிகிரீசர் தெளித்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து எடுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கழுவுவது உயிருக்கே ஆபத்து. வாட்டர் சர்வீஸ் பிரஷரில் நேரடியாக அடித்தால் தண்ணீர் வயரிங் இணைப்புகளுக்குள் போய், இல்லாத புதுக் கோளாறு ஒன்றைக் கொண்டுவரும்.

நன்றாகக் காய்ந்த பிறகு, சந்தேகப்படும் இணைப்புகளைச் சுற்றி முகப் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். மேனிஃபோல்டு, பெல்ட் பக்கம் மட்டும் வேண்டாம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் ஊறிய கோடு பளிச்சென்று தெரியும். கசிவு மிக மெதுவாக இருந்தால் சில நாள் கழித்தும் பார்க்கலாம். பவுடர் எட்டாத இடங்களுக்கு யு.வி. டை என்று கடைகளில் கிடைக்கிறது. ஆயிலில் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் யு.வி. டார்ச் அடித்தால் ஆயில் வழிந்த தடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும்.

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே: நனைந்திருக்கும் இடங்களில் எது மிக மேலேயும் மிக முன்னாலேயும் இருக்கிறதோ, அதுவே கசிவின் ஊற்று. அதற்குக் கீழே நனைந்திருப்பதெல்லாம் அது வழிந்த பாதை.

மேலிருந்து கீழே ஒரு சுற்று

முதலில் எஞ்சினின் உச்சியில் இருக்கும் டேப்பட் கவர். அதன் பேக்கிங் கார்க்காகவோ ரப்பராகவோ இருக்கும்; வருடக்கணக்கில் சூட்டில் வெந்து, கல்போல் இறுகிப்போகும். முன்பக்க விளிம்பு நம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கசிவோ பெரும்பாலும் தடுப்புச் சுவரை ஒட்டிய பின்பக்க மூலைகளில் இருக்கும். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, அந்த விளிம்பு முழுக்கத் தடவி எடுங்கள். துணியில் புது ஆயில் ஒட்டினால் பாதி விடை கிடைத்துவிட்டது. ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பரையும் கையோடு பாருங்கள்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர். 1983 டிசம்பரில் வந்து 2014 தொடக்கம் வரை தயாரான மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் 796 சிசி கார்புரேட்டர் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர், ஹெட்டின் கியர் பாக்ஸ் பக்க முனையில், கேம் ஷாஃப்டால் சுழலும்படி அமைந்திருக்கிறது. அங்கே இருக்கும் சின்ன ரப்பர் ஓ ரிங் இறுகிவிட்டால் ஆயில் நேராகக் கியர் பாக்ஸின் தலையில் வழிந்து, இணைப்பு வழியே கீழே சொட்டும். அடியிலிருந்து பார்ப்பவருக்கு அது அப்படியே ரியர் சீல் போனதுபோல் இருக்கும். சொற்ப விலை ஓ ரிங்குக்காகக் கியர் பாக்ஸை இறக்குவது இப்படித்தான் நடக்கிறது.

மூன்றாவது ஆயில் பிரஷர் சுவிட்ச். எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும் இந்தச் சின்ன சுவிட்ச் ஆயில் அழுத்தத்தை நேரடியாகத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால், ஆயில் வயர் மாட்டும் முனை வழியாகவே வெளியே வரும். வயரைக் கழற்றிப் பாருங்கள். சாக்கெட்டுக்குள் ஈரம் இருந்தால் சுவிட்சை மாற்றினாலே போதும். இது எஞ்சின் ஓடும்போது மட்டும் ஒழுகி, நிறுத்தியதும் அடங்கும் ரகம்.

ஆயில் மாற்றிய கையோடு ஒழுகல் தொடங்கியதென்றால் முதல் சந்தேகம் ஃபில்டர்மேல் விழ வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புது ஃபில்டரின் வளையமும் உட்கார்ந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து பிடிக்காது. இந்தக் கசிவு திடீரென்று பெரிதாகி மொத்த ஆயிலையும் கொட்டிவிடக்கூடும். எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சேம்பரின் டிரெயின் போல்ட் வாஷரையும் அப்போதே பாருங்கள்.

பெல்ட் இருக்கும் பக்கத்தில் கேம் சீல் மேலேயும், கிராங்க் சீல் கீழேயும் இருக்கும். கிராங்க் புல்லி சுழலும் நேர்கோட்டில் ஆயில் சிதறியிருந்தால் அந்த சீல்தான். இங்கே தாமதம் கூடாது. ஆயிலில் ஊறிய டைமிங் பெல்ட் பலமிழக்கும். அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். சீல் மாற்றும்போது பெல்ட்டையும் மாற்றிவிடுவதே முறை.

இத்தனையும் காய்ந்திருந்து, எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடம் மட்டும் ஈரமாக இருந்தால் அப்போது ரியர் சீலைச் சொல்லலாம். அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் பழைய 1489 சிசி பி.எம்.சி. எஞ்சினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய சுருள் வரிகள் சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். நிறுத்திய பிறகு சில துளிகள் விழுவது அந்த அமைப்பின் இயல்பு. அதை அறவே நிறுத்தப் பார்த்துச் செலவழிக்க வேண்டாம்.

ஒரே நேரத்தில் பல இடங்கள் கசிந்தால்

சீல்களைக் குறை சொல்வதற்கு முன் பிரீதரைப் பாருங்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் எஞ்சினுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அது வெளியேறும் வழிதான் பிரீதர் குழாயும் பி.சி.வி. வால்வும். அதில் கசடு அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான ஒவ்வொரு பேக்கிங் வழியாகவும் ஆயிலை வெளியே தள்ளும். இந்த நிலையில் எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது.

எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து, வாயின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். கை பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாள் லேசாக உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. பலமாகத் தூக்கி அடித்தால் பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் தூக்கினால் ரிங் தேய்ந்திருக்கலாம்; கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

கண்டுபிடித்த பிறகு

டேப்பட் கவர் கசிகிறது என்று அதன் போல்ட்டுகளை முறுக்கித் தள்ளாதீர்கள். அவை மென்மையாக இறுக்க வேண்டியவை. அளவு மீறினால் தகரக் கவர் வளையும், கார்க் பிளக்கும், கசிவு கூடும். பேக்கிங்குக்கு மேல் பேஸ்ட்டை அள்ளி அப்புவதும் தவறு. உட்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்து விழுந்து, சேம்பரில் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். பேக்கிங் மாற்றும்போது இரண்டு பரப்புகளையும் சுரண்டிச் சுத்தமாக்கி, கையேட்டில் காட்டிய மூலைகளில் மட்டும் துளி பேஸ்ட் வைத்தால் போதும். கசிவை நிறுத்தும் என்று ஆயிலில் ஊற்றும் மருந்துகள், இறுகிய ரப்பரைச் சற்று ஊதவைத்துச் சில நாள் தள்ளிப்போடும். பிளந்த பேக்கிங்கை அவை ஒட்டவைக்காது. துடைத்தெடுத்த, வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ஈரம் மட்டும் தெரிந்து, துளி விழாமல், டிப் ஸ்டிக்கில் அளவும் குறையாமல் இருந்தால் மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டு ஓட்டலாம். மேனிஃபோல்டில் சொட்டுவது, பெல்ட்டை நனைப்பது, ஃபில்டரில் கசிவது ஆகிய மூன்றுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

பட்டறைக்குப் போகும்போது அட்டையையும், செல்போனில் எடுத்த படங்களையும், ஆயில் அளவுக் குறிப்பையும் கொண்டுபோங்கள். "ஆயில் ஒழுகுது, என்னன்னு பாருங்கண்ணே" என்பதற்குப் பதிலாக, "கழுவிட்டுப் பார்த்தேண்ணே, டேப்பட் கவர் காய்ஞ்சிருக்கு, டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியிலேருந்துதான் ஈரம் தொடங்குது" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும். கியர் பாக்ஸை இறக்கலாமா வேண்டாமா என்ற முடிவையும் நீங்கள் இருவரும் ஊகத்தில் எடுக்காமல், கண்ணால் கண்டதை வைத்து எடுப்பீர்கள்.