வினவும் குரலும் விடையளிக்கும் குரலும்

நுழையும்முன்

நேர்காணலில் ஒருவர் வினவுகிறார், மற்றவர் விடையளிக்கிறார். இருவரும் ஒரே மொழியில் பேசினாலும் இருவர் குரலும் ஒன்றுபோல் அமைவதில்லை. சொல்லின் பொருளோடு குரலின் ஏற்ற இறக்கமும் சேர்ந்தே கருத்து முழுமையடைகிறது. இதனை உணராவிடில், நன்கு அறிந்தவரும் அறியாதவராகக் கருதப்பட நேரிடும்.

குரலே வினாவாதல்

எழுத்துத் தமிழில் ‘ஆ’, ‘ஓ’ முதலிய வினா எழுத்துகளும் ‘யார்’, ‘எங்கு’ முதலிய வினாச் சொற்களும் வினாவை உணர்த்துகின்றன. பேச்சுத் தமிழில் குரல் மட்டுமே அப்பணியைச் செய்துவிடுவதும் உண்டு. ‘வந்தாச்சு’ என்பதை இறங்கும் குரலில் முடித்தால் செய்தி. ஏறும் குரலில் முடித்தால் வினா. ‘ம்’ என்னும் ஓரொலிகூட இறங்கும்போது உடன்பாட்டையும் ஏறும்போது ‘மேலே சொல்லுங்கள்’ என்னும் தூண்டுதலையும் உணர்த்துகிறது.

அறிவினாவும் அறியா வினாவும்

வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று நன்னூல் வகுக்கிறது. பணித் தேர்வு நேர்காணலில் மிகுதியாக இடம்பெறுவது அறிவினா; கேட்பவர் விடையை முன்பே அறிந்திருப்பார். “திருவண்ணாமலை மாவட்டம் எந்த ஆண்டு உருவானது?” என்று கேட்கும்போது அவர் நாடுவது செய்தியை அன்று, விடையளிப்பவரின் தெளிவை. “1989” என்று இறங்கும் குரலில் முடித்தால் அது விடை. அதையே ஏறும் குரலில் முடித்தால் “சரிதானா?” என்று திருப்பிக் கேட்பதாகிவிடும். விடை சரியாக இருந்தும் ஐயம் மேலோங்கித் தோன்றும்.

மக்களிடம் குறை கேட்கும் இடத்தில் எழுவது பெரும்பாலும் அறியா வினா. திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ளது. அங்குத் திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். “முன்பே மனு கொடுத்தீர்களா?” என்று அலுவலர் கேட்கிறார் எனக் கொள்வோம். “மூணு தடவை நடந்துட்டேங்க ஐயா” என்று முதியவர் ஒருவர் தாழ்ந்த குரலில் கூறுகிறார். ‘ஆம்’ என்னும் சொல் அதில் இல்லை. எனினும் விடை இருக்கிறது. தமக்கு நேர்ந்ததைக் கூறி விடையை உணர்த்தும் இம்முறையை ‘உற்றது உரைத்தல்’ என்கிறது நன்னூல். ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றுக்காக மட்டும் காத்திருக்கும் செவிக்கு அவ்விடை எட்டாது போகலாம். அவரது குறையும் கேட்கப்படாமல் போகலாம்.

பேச்சு நடை மாற்றம்

வினவுபவர் குறுகிய தொடர்களில் பேசுகிறார். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதையும் அவரே முடிவு செய்கிறார். விடையளிப்பவர் பதற்றத்தால் விரைந்து பேசுகிறார். அல்லது “நான் இளங்கலை வரலாறு பயின்றுள்ளேன்” என எழுத்து நடைக்குச் செல்கிறார். “என்ன படிச்சிருக்கீங்க?” என்று வினவுபவர் இயல்பான நடையில் தொடங்கினால், மற்றவரும் “வரலாறு படிச்சிருக்கேங்க” என்று இயல்புக்குத் திரும்புவது எளிதாகும். ஆகவே, நேர்காணலின் வெற்றி விடையளிப்பவரை மட்டும் சார்ந்ததன்று. வினவுபவரின் கனிவும் பொறுமையும் அதில் பங்கு பெறுகின்றன.

தெரியுமா?

இங்கிலாந்தில் ஒரு விமான நிலையப் பணியாளர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் உணவு பரிமாறினர். உணவின் மீது ஊற்றும் குழம்பு வேண்டுமா என்பதை ‘கிரேவி’ என்று இறங்கும் குரலில் கேட்டனர். ஆங்கிலேயர் அதனை ஏறும் குரலில் கேட்பது வழக்கம். எனவே, அப்பெண்கள் மரியாதையின்றிப் பேசுவதாக உண்பவர்கள் எண்ணினர். மொழியியல் அறிஞர் ஜான் கம்பர்ஸ் இதனை ஆராய்ந்தார். உரையாடலைப் பதிவு செய்து இரு தரப்பினருக்கும் கேட்கச் செய்தபோது, குற்றம் மனத்தில் இல்லை, குரல் வழக்கிலேயே வேறுபாடு உள்ளது என்பது புலனாயிற்று.

கற்பவை கற்றபின்

1. ‘சாப்பிட்டாச்சு’ என்பதைச் செய்தியாகவும் வினாவாகவும் வியப்பாகவும் ஒலித்துக் காட்டுக.
2. வகுப்பில் இருவர் நேர்காணல் ஒன்றை நிகழ்த்துக. பின்னர் இடம் மாறி மீண்டும் நிகழ்த்துக. குரலிலும் நடையிலும் நேர்ந்த மாற்றங்களைப் பட்டியலிடுக.